இரண்டு பெடியளுக்குப் பதிலாக நான்

பலெர்மோவின் பெரிய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்கு எதிரிலிருந்த கோப்பிக்கடையில், ஒரு வியாழக்கிழமைப் பின்னேரம், கப்டன் அண்ணை என் வலது தோளைப் பிடித்து அழுத்திப் பார்த்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

"தோளிலை ஒண்டுமில்லைத்தானே?"

"ஒண்டுமில்லை அண்ணை."

அது பொய். அந்தச் சனவரியில், நான் வேலைக்கு நின்று பராமரித்துவந்த வயதான இத்தாலிய அம்மாவை, சிஞ்ஞோராவை, கட்டிலிலிருந்து தூக்கும்போது தோளுக்குள் ஏதோ அறுந்ததுபோல இருந்தது. கையைத் தலைக்கு மேல் உயர்த்தவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. பிரான்காச்சோப் பகுதித் தமிழர் அணிக்காக எட்டு வருடம் வேகப்பந்து வீசியவன். கிழமை முழுவதும் இன்னொருவர் வீட்டில் குனிந்த தலையோடு திரிகிற எனக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் எதிரே துடுப்போடு நிற்கிறவன் பயப்படுவான். அதை விட்டுவிட என்னால் முடியவில்லை. யாரிடமும் தோளைப் பற்றி மூச்சு விடவில்லை.

கப்டன் அண்ணை நகரின் இன்னொரு பகுதியான சீசாவின் தமிழர் கிரிக்கெட் அணித் தலைவர். அந்த அணி மூன்று கோடையாக முதற்சுற்றைத் தாண்டவில்லை. நன்றாக விளையாடியவர்கள் இத்தாலியப் பாஸ்போட் கிடைத்த கையோடு குடும்பமாக லண்டனுக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்கள், இந்த முறையும் தோற்றால் அணியைக் கலைத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். அவருக்கு மனைவி, பிள்ளைகள் கிடையாது. அணி போனால் ஞாயிற்றுக்கிழமையில் அவரைத் தேட ஒருவரும் இல்லை.

அவர் என்னைத் தன் அணிக்குக் கேட்டார். என்னை விடுவதற்கு எங்கள் பிரான்காச்சோத் தலைவர் சீசாவின் இரண்டு பெடியளைக் கேட்டார். ஒருவன் பதினாறு வயதுச் சுழற்பந்துக்காரன். மற்றவன் கப்டன் அண்ணையின் சொந்தத் தங்கச்சி மகன், இடதுகைத் துடுப்பாட்டக்காரன். இன்னும் இரண்டு வருடத்தில் அவனை ஆட்டமிழக்கச் செய்ய பலெர்மோவில் ஆளிருக்காது என்று அப்போதே பேச்சு.

"யோசிச்சுச் செய்யுங்கோ அண்ணை," என்றேன். அந்த அளவுக்குத்தான் என் மனச்சாட்சி வேலை செய்தது.

"பெடியள் வளருமட்டும் பாத்துக்கொண்டிருந்தா, அவங்கள் வளரேக்கை விளையாட ஒரு ரீம் இருக்காதடா. எனக்கு இந்தக் கோடை வேணும்," என்றார்.

மருமகன் துடுப்பை எடுத்துக்கொண்டு பிரான்காச்சோவுக்குப் போனானாம். தங்கச்சிதான் கேட்டாராம்: "ஆரோ ஒருத்தனுக்காக என்ரை பிள்ளையைக் குடுத்திட்டியளோ?" அதற்குப் பிறகு அவர் அண்ணனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

முதல் ஆட்டத்தில் வலிக்கு இரண்டு குளிசை போட்டுக்கொண்டு நான்கு விக்கெட் எடுத்தேன். கப்டன் அண்ணை என்னைக் கட்டிப்பிடித்தபோது வலியில் கண் இருண்டது. அவர் அதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தார். ஞாயிறுக்கு ஞாயிறு குளிசை கூடியது, வேகம் குறைந்தது. எப்படியோ அரையிறுதிக்கு வந்துவிட்டோம். எதிரே என் பழைய அணி.

நாங்கள் எடுத்த ஓட்டங்கள் கொஞ்சம். மூன்றாவது ஓவரில் மருமகன் எனக்கு முன்னால் நின்றான். ஓடிவந்து கையைச் சுழற்றினேன், கை வரவில்லை. பந்து பாதி வழியிலேயே விழுந்து குதித்தது. அவன் அவசரப்படாமல் காத்திருந்து அடித்தான். அடுத்ததும் அப்படியே. நான் முழங்காலில் கையூன்றி நின்றுவிட்டேன். கப்டன் அண்ணை ஓடிவந்தார்.

"எப்ப பிடிச்சது?"

உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த இரண்டாவது தருணம் அது. "இப்பத்தான் அண்ணை. இந்த ஓவரிலை," என்றேன்.

அவர் முகம் செத்துப்போனது. "நான்தான் இந்தக் கோடை முழுக்க உனக்குக் கூட ஓவர் குடுத்திட்டன்," என்றார். பந்தை வாங்கி, வாழ்க்கையில் பந்தே வீசாத ஒருவனிடம் கொடுத்தார். மருமகன் கடைசிவரை ஆட்டமிழக்கவில்லை. முடிந்ததும் அவர் அவனிடம் கை நீட்டி, "நல்லா அடிச்சாய்," என்றார். அவன் கையைக் கொடுத்தான், முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தச் செப்டெம்பரில் அணி கலைந்தது. கப்டன் அண்ணை ஜெர்மனிக்குப் போய்விட்டார். ஏழு வருடமாகியும் ஆட்கள் இந்த ஆள்மாற்றத்தைப் பற்றி வாதாடுகிறார்கள். வளருகிறவர்களைக் கொடுத்துத் தேய்ந்தவனை வாங்கினார், மடையன் என்கிறார்கள் சிலர். கணக்குச் சரிதான், தோள் போனது அதிர்ஷ்டக்கேடு என்கிறார்கள் மற்றவர்கள். நான் வாய் திறப்பதில்லை. அந்த மனிதர் தன்னிடம் இருந்ததை வைத்துத்தான் தீர்மானித்தார். அவரிடம் இருந்தது என் வாக்கு.

போன வருடம் பொறுக்க முடியாமல் அவருடைய தங்கச்சி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். உடுப்பு மடித்துக்கொண்டே கேட்டார்.

"இதை என்னட்டைச் சொல்லி என்ன? அவரிட்டை எல்லோ சொல்ல வேணும்."

"ஓம்," என்றேன்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை கப்டன் அண்ணை தொலைபேசியில் எடுத்தார். எப்போதும்போல முதலில் கை தூக்க ஏலுதோ என்று கேட்டார். பிறகு, "என்ரை அவசரத்தாலை உன்ரை கை போச்சு. என்னை மன்னிச்சிடு," என்றார்.

"பரவாயில்லை அண்ணை," என்றேன்.