சங்கத்து வாசல்படி

"...அடுப்பு எரியலன்னு படி தாண்டுனா அவங்கள்லாம் கருங்காலியா, தலைவரே?" என்று கேட்டாள் அம்மா. தலைவர் என் அப்பாதான்; இருவருக்கும் ஒரே மில்லில்தான் வேலை. வீட்டில் 'இந்தாங்க' என்பவள் சங்கத்தில் மட்டும் தலைவரே என்பாள்.

நேற்று மேட்டுப்பாளையம் லேத்துப் பட்டறையில் ஒருவர் எண்ணெய்க் கையைப் பஞ்சு வேஸ்ட்டில் துடைத்தபோது வந்த வாசத்தில், எழுபதுகளில் அதே வாசம் வீசிய எங்கள் மில் தொழிலாளர் சங்கக் கூடம், இன்று இடிக்கப்பட்டுத் துணிக்கடையாகிவிட்ட அந்த ஓட்டுக் கட்டடம், ஆடுகிற பெஞ்சுகளோடும் பஞ்சுத்தூசி இருமல்களோடும் எனக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

"செருப்பு வெளிய, வாய் உள்ள" என்பது அங்கே சொலவடை: செருப்பை வாசலில் விட்டுவிட்டு, பேசுவதை உள்ளேயே பேசிவிட வேண்டும். ஓட்டெடுப்புக்குக் கை தூக்க மாட்டார்கள். வேலைநிறுத்தம் தொடரட்டும் என்பவர்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். வேலைக்குத் திரும்பலாம் என்பவர்கள் படி தாண்டிப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அத்தனை கண்களும் முதுகில் குத்தும் என்பதால், வேலைநிறுத்தத்தின் மூன்றாம் மாதத்திலும், பிள்ளைகளைப் பட்டினி போட்டு வந்தவர்கள்கூட அசையாமல் இருந்தார்கள்.

"கருங்காலின்னு யாரு சொன்னது? போறவங்க போலாம்" என்றார் அப்பா. "யார் யாருன்னு பாத்துக்குறோம்."

"அந்தப் பார்வைக்குத்தான் தலைவரே பயப்படுறாங்க."

பெஞ்சில் என்னை நகர்த்தி உட்கார வைத்துவிட்டு அம்மா எழுந்தாள். யாரும் அதுவரை தாண்டாத படியைத் தாண்டினாள். செருப்பை மாட்டிக்கொண்டு, பின்னால் வருகிறவர்களின் முகம் தன் கண்ணில் படாதபடி, கூடத்துக்கு முதுகைக் காட்டித் தெருவைப் பார்த்து நின்றாள்.