இசக்கிக்கு எடுத்துப்போன சாப்பாடு

அந்த ஓட்டலின் நடைவழியில் நாங்கள் பன்னிரண்டு பேர் நடந்துபோனோம், ஒரு காலடிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. தரை முழுக்க விரித்திருந்த கம்பளம் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. வெளியே மழை விடாமல் கொட்டிக்கொண்டிருக்க, எங்கள் கான்வாஸ் ஷூக்களின் ஈர நாற்றமும் எங்கிருந்தோ வந்த எலுமிச்சை வாசனையும் அந்தக் குளிரில் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறின. "ஷூவ கழட்டிடலாமா டீச்சர்?" என்று ஒருத்தி ரகசியமாகக் கேட்டாள். விளையாட்டு டீச்சர் ஜெயந்திக்கும் தெரியவில்லை போலும். "மத்தவங்க இன்னா பண்றாங்கன்னு பாத்து நடந்துக்கோங்கடி" என்றார். பார்ப்பதற்கு அங்கே வேறு யாருமே இல்லை.

எங்கள் பள்ளிக்கூடம் ஒரகடத்துக்கும் படப்பைக்கும் நடுவே ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருந்தது. எங்கள் பக்கத்தில் தொழிற்சாலை வைத்திருந்த ஒரு கம்பெனி, தனக்குத் தொழிற்சாலை இருக்கிற ஊர்ப் பள்ளிகளுக்கெல்லாம் புனேவில் ஒரு கபடிப் போட்டி நடத்தியது. பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்கள் அணி என்று எங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். விமானம் விடியற்காலை ஐந்தரைக்கு. ஏரி நிரம்பி படப்பை ரோட்டில் முழங்கால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததால், நடுராத்திரியில் கிளம்பி வந்து சேர முடியுமா என்று பயந்த கம்பெனிக்காரர்கள், தங்கள் வெளிநாட்டு இன்ஜினியர்கள் வந்து தங்குகிற மீனம்பாக்கம் ஓட்டலிலேயே எங்களையும் முதல் நாள் சாயங்காலமே கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். எங்களில் யாரும் அதற்குமுன் விமானத்தில் ஏறியதில்லை. அதைவிட, எங்களில் பாதிப் பேர் லிஃப்டில்கூட ஏறியதில்லை.

அந்த அணியில் நான் மாற்று ஆட்டக்காரி. முதலில் அப்படி இருக்கவில்லை. ஏழாம் வகுப்பு வரைக்கும் எதிரணிக்குள் பாடிப்போகிறவள் நான்தான். எட்டாம் வகுப்பின் நடுவில் இசக்கியம்மாள் வந்து சேர்ந்தாள். அவள் அப்பா விளாத்திகுளம் பக்கத்திலிருந்து கார் பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலைக்குக் கான்ட்ராக்ட் வேலைக்கு வந்தவர். வந்த புதிதில் அவள் பெயரைச் சொல்லியும், அவள் எல்லோரையும் "ஏட்டி" என்று கூப்பிடுவதைச் சொல்லியும் எங்கள் வகுப்பு சிரித்தது, நானும்தான். ஒருநாள் மைதானத்தில் இறக்கிவிட்டார்கள். ஒரே மூச்சில் உள்ளே போய் மூன்று பேரைத் தொட்டுவிட்டு, நான்காவதாக அவள் காலைப் பிடித்த என்னையும் கோடு வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தாள். அன்றைக்கு என் இடம் போயிற்று. கோபம் வராமல் இல்லை, ஆனால் அவள் என் பெஞ்சில்தான் உட்கார்ந்தாள், என் டிபன் டப்பாவில்தான் கைவைத்தாள், என்னைத்தான் "வனி, வனி" என்று எதற்கெடுத்தாலும் கூப்பிட்டாள். ஒருத்தியைப் பிடித்துப்போனால் அவள்மேல் பொறாமை வராது என்று நினைக்கிறோம். இரண்டும் ஒரே மனசில் சேர்ந்து குடியிருக்கும் என்பதை நான் பதின்மூன்று வயதிலேயே கண்டுகொண்டேன்.

போட்டிக்கு எடை வரம்பு நாற்பத்தெட்டு கிலோ. எங்களுக்கெல்லாம் அது ஒரு பொருட்டே இல்லை, இசக்கிக்கு மட்டும் கழுத்தில் கத்தி. அவள் எலும்பே கனமான எலும்பு. ஒரு மாதமாக டீச்சர் அவளுக்குக் காலையில் கேழ்வரகுக் கஞ்சி, ராத்திரி இரண்டு இட்லி என்று அளந்து கொடுத்து, மழையிலும் ஓடவிட்டு, அரிசிக் கடைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்துப் பார்த்தார். வளரும் பிள்ளையைப் பட்டினி போட்டு விளையாட அனுப்புவது இன்றைக்கு நினைத்தால் எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. அன்று எங்களில் யாருக்கும் அது தப்பாகவே தோன்றவில்லை, இசக்கிக்கும்.

என்னையும் அவளையும் ஓர் அறையில் போட்டார்கள். குளியலறையில் கைகழுவும் தொட்டிக்குக் கீழே கண்ணாடியில் செய்த எடை பார்க்கும் மிஷின் ஒன்று இருந்தது. டீச்சர் அதைப் பார்த்ததும் இசக்கியை ஏற்றினார். நாற்பத்தேழு புள்ளி ஆறு. "சாமி, அப்படியே இருடி" என்று அவள் தலையில் கைவைத்தவர், ராத்திரிக்கு ஒரு டம்ளர் பாலும் இரண்டு வாழைப்பழமும் போதும், சாப்பாட்டு ஹாலுக்கே வரவேண்டாம், வந்தால் நாக்கு கேட்காது என்று சொல்லி அவளை அறையிலேயே விட்டுவிட்டு எங்களை மட்டும் கூட்டிப்போனார்.

எங்கள் அணியில் யாருக்கும் "பஃபே" என்ற வார்த்தை வாயில் நுழையவில்லை, "பப்பே" என்றோம். பளபளவென்ற பாத்திரங்களின் மூடியைத் திறந்தால் ஆவி முகத்தில் அடித்தது. எத்தனை தடவை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்று டீச்சர் சொன்னபோது நம்பாமல், ஒவ்வொருத்தியும் முதல் தட்டிலேயே எல்லாவற்றையும் குவித்தோம். எனக்கு முதல் கவளம் உள்ளே போனபோதே இசக்கி ஞாபகம் வந்தது. பாவம், அவளும் இங்கே இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். இதுவும் நிஜம். அடுத்து, அவள் நாற்பத்தெட்டைத் தாண்டினால் நாளைக்கு யார் பாடிப்போவார்கள் என்றும் நினைத்தேன். இதுவும் நிஜம். இரண்டில் எது முந்திக்கொண்டது என்று இத்தனை வருஷம் கழித்தும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மேஜைமேல் இருந்த கைதுடைக்கும் பேப்பர்களை எடுத்து, இரண்டு சப்பாத்தி, வறுத்த கோழித் துண்டு மூன்று, நான்கு குலாப்ஜாமூன் என்று ஒவ்வொன்றாகச் சுற்றி, புனே குளிருக்கென்று வாங்கிய ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டேன். ஜாமூனின் பாகு சட்டையை நனைத்து வயிற்றில் ஒட்டியது.

அறைக்கதவைத் திறந்தபோது இசக்கி டிவியில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். வாழைப்பழத் தோல் இரண்டும் மேஜைமேல் மடித்து வைத்திருந்தது.

"என்னத்தட்டி ஒளிச்சு வச்சிருக்க?"

"உனக்குத்தாண்டி. துன்னு."

"டீச்சரு கொன்னுரும்லா."

"நானூறு கிராம் மீதி கீதுல்ல. இது இன்னா, ஒரு கைப்பிடி."

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். அந்தப் பார்வையில் சந்தேகம் இல்லை, நன்றிதான் இருந்தது. அதைத் தாங்கமுடியாமல் நான் டிவி பக்கம் திரும்பிக்கொண்டேன். கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரு மாசத்துப் பசியையும் சேர்த்து வைத்துத் தின்றாள். பாட்டில் தண்ணீர் முழுவதையும் குடித்தாள். கடைசி ஜாமூனைப் பாதியாகப் பிட்டு என் வாயில் திணித்துவிட்டு, விரலைச் சூப்பிக்கொண்டே தூங்கிப்போனாள்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. பதினொன்றரை இருக்கும், இசக்கி எழுந்து குளியலறைக்குப் போனாள். போனவள் வரவில்லை. போய்ப் பார்த்தால் மிஷினுக்குப் பக்கத்தில் ஈரத் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சத்தமே இல்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

"நாப்பத்தெட்டு புள்ளி நாலு காட்டுது வனி. எங்கப்பா கம்பெனில ஒரு ஆளு விடாமச் சொல்லி வச்சிருக்காரு, எம்மவ பிளேன்ல போறான்னு."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள்.

"நீ கொண்டாந்தன்னு டீச்சர்ட்ட சொல்லிராத என்ன. ஒன்னையப் போட்டு வையும். நானே கீழ போயி தின்னேன்னு சொல்லிருதேன்."

அவள் பிடித்திருந்த கையாலேயே அவளை இழுத்தேன். "எழுந்திரு" என்றேன். "இன்னும் மூணு மணி நேரம் கீது. ஓடலாம்." நன்றாக வியர்க்கட்டும் என்று என் ஸ்வெட்டரையும் அவளுக்கே மாட்டிவிட்டேன்.

நடைவழியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடினோம். ஏழெட்டுத் தடவை போய் வந்திருப்போம். திருப்பத்தில் துண்டுகள் அடுக்கிய வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓர் அக்கா எதிரே வந்து நின்றுவிட்டார். ராத்திரி டியூட்டியில் அறைகளைப் பார்த்துக்கொள்கிறவர், சாம்பல் நிறச் சீருடை.

"இன்னாம்மா இது, இந்நேரத்துல ஓடிக்கினு கீறீங்க? எந்த ரூமு?"

இசக்கி எல்லாவற்றையும் கொட்டினாள், என்னைத் தவிர. தானே தின்றதாகத்தான் சொன்னாள். அந்த அக்கா இடுப்பில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நாப்பத்தெட்டுன்னு எவன் எழுதி வெச்சான்?" என்று யாரையோ திட்டினார். பிறகு கடைசியில் இருந்த ஒரு கதவைத் திறந்துவிட்டார். "இங்க கேமரா கீது, கீழேர்ந்து பாத்துட்டு வருவாங்க. இது நாங்க போற படிக்கட்டு. இதுல ஏறி எறங்குங்க. விழுந்து கிழுந்து வைக்காதீங்க. எனக்கும் வூட்ல ஒரு பொண்ணு கீது, குன்றத்தூர்ல ஒம்போதாவது படிக்குது."

கம்பளம் இல்லாத வெறும் சிமெண்ட் படிகள். ஏழு மாடி. ஏறினோம், இறங்கினோம், மறுபடி ஏறினோம். நான் நடுவில் உட்கார்ந்துவிட்டால் இசக்கி நின்று கூப்பிட்டாள். அவள் தளர்ந்தால் நான் முதுகில் கைவைத்துத் தள்ளினேன். அந்த அக்கா தன் வேலைக்கு நடுவே இரண்டு தடவை கதவைத் திறந்து, "உயிரோட கீறீங்களா?" என்று எட்டிப்பார்த்துவிட்டுப் போனார். ஓடிக்கொண்டிருந்த நேரம் முழுக்க, இப்போது சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. மூச்சு வாங்குகிறது, அப்புறம் சொல்லலாம் என்று ஒவ்வொரு மாடியிலும் தள்ளிப்போட்டேன். இரண்டரைக்கு எழுப்பும் மணி அடித்தபோது மிஷின் நாற்பத்தேழு புள்ளி ஒன்பது காட்டியது.

விமானத்தில் ஜன்னலோர இருக்கை இசக்கிக்குக் கிடைத்தது. சக்கரம் தரையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவள் தலைக்கு மேலாக நான்தான் மேகத்தைப் பார்த்தேன். புனேவில் எடைபோட்டவர் முள்ளைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார்.

அன்று சாயங்காலமே முதல் ஆட்டம். பாதி ஆட்டம் வரைக்கும் இசக்கி தாங்கினாள். பிறகு கெண்டைக்கால் நரம்பு சுருண்டு இழுத்து, நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் விழுந்தாள். டீச்சர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் ஆசைப்பட்ட இடத்துக்கு, நான் ஆசைப்பட்டபடியே போனேன். மூன்று முறை பாடிப்போனேன், ஒரு புள்ளி எடுத்தேன், மூன்றாவது முறை பிடிபட்டேன். வெளியே காலை நீட்டி உட்கார்ந்திருந்த இசக்கி தொண்டை கிழிய என் பெயரைக் கத்திக்கொண்டிருந்தாள். நான்கு புள்ளியில் தோற்றோம். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, பிள்ளைகளுக்குத் தூக்கம் இல்லை என்று டீச்சர் எல்லோரிடமும் சொன்னார்.

அடுத்த வருஷம் இசக்கியின் அப்பாவுக்குக் கான்ட்ராக்ட் முடிந்து ஊருக்கே போய்விட்டார்கள். அவள் போன நாளன்று நான் காய்ச்சலில் படுத்திருந்தேன்.

இப்போது நான் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். வேலை விஷயமாக வருஷத்தில் நான்கைந்து முறை விமானம் ஏற நேர்கிறது, அதிகாலை விமானமென்றால் ஓட்டல் அறையும் கொடுக்கிறார்கள். போன மாதம் அப்படி ஒரு சாயங்காலத்தில், பழைய வகுப்புத் தோழி ஒருத்தியிடம் வாங்கி வைத்திருந்த நம்பரை எடுத்து இசக்கியைக் கூப்பிட்டேன். விளாத்திகுளத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள், நாலாவது படிக்கும் ஒரு மகள். குரல் அப்படியே இருந்தது. அந்த ராத்திரியைப் பற்றிச் சொன்னதும் சிரித்தாள். அவள் நினைவில் இருந்ததெல்லாம் படிக்கட்டுதான். "எங்கூட ஒருத்தி மாடி மாடியா ஓடுனான்னு எம்மவளுக்குக் கதையாச் சொல்லிருக்கேன்ட்டி" என்றாள்.

அதற்குமேல் தாங்காமல் சொல்லிவிட்டேன். சாப்பாட்டை எதற்காக எடுத்துவந்தேன் என்பதை, பூசி மெழுகாமல்.

அதுவரை பின்னால் ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின் நின்றது.

"அப்பொறம் ஏம்ட்டி எங்கூட ஓடுன?" என்று கேட்டாள்.

தெரியவில்லை என்றுதான் சொன்னேன். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டாள், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள். இனிக் கூப்பிடமாட்டாள் என்று நினைத்தேன்.

நான்கு நாள் கழித்துக் கூப்பிட்டாள். அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. நம் மைதானம் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அங்கே குடோன் கட்டிவிட்டார்கள், டிரெய்லர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன என்றேன். "அப்ப பொம்பளப் புள்ளைக எங்கட்டி வெளையாடுது?" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பார்த்தேன். சைக்கிள் கொட்டகைக்கும் கழிப்பறைக்கும் நடுவே இருந்த ஒடுக்கமான இடத்தில் ஆறேழு பெண்கள் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கத்துக்குக் கோடு போட இடம் போதவில்லை, சுவர்தான் கோடு. பாடிப்போன பெண் ஒருத்தி திமிறிக்கொண்டு திரும்பும்போது தோள் சுவரில் இடித்தது. அவள் நிற்கவில்லை.