அக்காவுக்கு ஒரு பாலிசி

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்களில் நான் வேலை பார்த்த அரசாங்கத் தொழிற்சாலை ஆட்களைக் குறைக்கத் தொடங்கியது. விருப்ப ஓய்வு என்று பெயர். யாருடைய விருப்பம் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. நானும் கையெழுத்துப் போட்டேன்.

விவேக் நகர் வீட்டில் நானும் அக்காவும்தான். இருவருக்குமே கல்யாணம் அமையவில்லை. அம்மா போன பிறகு அக்காதான் விடியலில் எழுந்து சமைத்து, டப்பா கட்டி, என்னைக் கம்பெனி பஸ்ஸுக்கு அனுப்புவாள். பகலெல்லாம் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைப்பாள்.

ஓய்வு பெறுகிறவர்களுக்கு மருத்துவக் காப்பீடு உண்டென்றார்கள். பேர் கொடுக்கப் போனேன். அங்கிருந்த அதிகாரி கணவர் பெயரைக் கேட்டார்.

"கல்யாணம் ஆகல சார். அக்கா இருக்காங்க, என்கூட."

"அக்கா ஃபேமிலில வரமாட்டாங்கம்மா."

"அவங்கதான் சார் என் ஃபேமிலி."

அவர் பேனாவை மூடி வைத்தார். "நான் என்னம்மா பண்றது? ரூல் அப்படி. ஹஸ்பெண்ட் இருந்தா போட்டுக்கலாம்" என்றார்.

அக்காவுக்கு வெளியில்தான் பாலிசி எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பார்த்துப் பழகிய ஏஜென்ட் ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஒரு திட்டத்தில் அறுபதைத் தாண்டியவர்களைச் சேர்க்கமாட்டார்கள், அக்கா தாண்டியிருந்தாள். இன்னொன்றில் சேர்ப்பார்கள், ஆனால் கண் புரைக்கும் மூட்டுக்கும் உடனே கிடைக்காது. மூன்றாவதற்குப் பணம் அதிகம். பொடி எழுத்தில் இருந்த இங்கிலீஷை நான் வாசித்து, அக்காவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். பாதிக்கு மேல் எனக்கே புரியவில்லை.

"சுகர் இருக்கா?" என்றார் ஏஜென்ட்.

"இருக்கு" என்றாள் அக்கா.

"அதைச் சொன்னா சுகரால வர்ற எதுக்கும் பணம் தரமாட்டாங்க. சொல்லாம விட்டா, பின்னாடி கண்டுபிடிச்சா எல்லாமே போச்சு."

அக்கா சிரித்தாள். "உடம்புல சுகர் போகாத எடம் எதுங்க?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "எனக்கு ஒரு வியாதியும் இல்ல. கம்பெனி குடுக்கறத அவங்க பேருக்கு மாத்த முடியாதா?" என்று கேட்டேன். அவர் சிரிக்க ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கடைசியில் உள்ளதைச் சொல்லியே ஒரு பாலிசி எடுத்தோம். ஒன்றுமில்லாததற்கு இது மேல் என்று நினைத்தேன். வருடா வருடம் தவறாமல் கட்டினேன்.

அப்புறம் ஒரு மழைக்காலத்தில் அக்காவின் காலில் செருப்பு கடித்தது. அந்தப் புண் ஆறவேயில்லை. சுண்டுவிரல் கறுத்த பிறகுதான் எனக்குக் காட்டினாள். ஆட்டோவில் ஏற்றி, பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். காப்பீட்டுக் கவுன்டரில் இருந்த பெண் போனில் நெடுநேரம் பேசினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "சுகரால வந்த புண்ணுன்னு டாக்டர் எழுதியிருக்காரு மேடம். அதனால ஒத்துக்க மாட்டேங்கறாங்க."

"பரவாயில்ல, நான் கட்டறேன்" என்றேன். சக்கர நாற்காலியில் இருந்த அக்கா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"ரிட்டயர்மென்ட் பணத்தையா? நாளைக்கு நீ சாப்பிட வாணாமா? வா, பெரியாஸ்பத்திரிக்குப் போலாம்."

"அக்கா, சும்மா இரு."

"நான் இங்க படுக்கமாட்டேன்."

சின்ன வயதிலிருந்து அவள் சொல்லி நான் மீறியதில்லை. அன்றும் மீறவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் நன்றாகத்தான் பார்த்தார்கள். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். கண் விழித்ததும் அக்கா, "இனிமே மிஷின எப்படிடி மிதிக்கறது?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு காய்ச்சல் இறங்கவே இல்லை. பொது வார்டில், என் கையைப் பிடித்தபடியே போய்விட்டாள்.

சில வருடங்கள் கழித்து எனக்குப் பித்தப்பையில் கல் என்றார்கள். கம்பெனி காப்பீட்டில் எல்லாமே கிடைத்தது. தனி அறை, ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம், துணைக்கு இருப்பவர் படுக்க ஒரு சின்னக் கட்டில்.

"கூட யாரு ஆன்ட்டி இருக்காங்க?" என்று நர்ஸ் கேட்டாள்.

"யாரும் இல்லம்மா."

அவள் என் துணிப்பையை எடுத்து அந்தக் கட்டிலின் மேல் வைத்துவிட்டுப் போனாள்.