காற்றாடியில் சுற்றிய முதல் முடி

“வெள்ளிக்கிழம பத்தரைக்கு ராகுகாலம். அதுக்கு முன்னாடி பிள்ளைக்கு முடி எடுத்து முடிச்சிரணும். முடி எடுக்கிறவருக்கு அன்னைக்கு வேற ரெண்டு கோயில்ல வேல இருக்கு. லேட்டாக்கிராதீக மாப்ள.”

வைகாசி மாதத்தில் ஒரு புதன்கிழமை, தேவாரத்திலிருந்து என் மனைவியின் அண்ணன் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இது. தேதியுள்ள எதையும் நான் அழிப்பதில்லை. இதையும் அழிக்கவில்லை.

எங்கள் மகனுக்கு அப்போது இரண்டரை வயது. குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த நாட்களில், பிள்ளை பிழைத்து வீடு வந்தால் கத்தரி படாத முதல் முடியைக் குலதெய்வத்துக்குத் தருவதாக என் மனைவி நேர்ந்துகொண்டாள். ஒரு வயதிலேயே எடுத்திருக்க வேண்டும். பங்காளி வீட்டில் ஒரு சாவு விழுந்து, ஒரு வருடம் கோயில் காரியம் கூடாது என்றார்கள். அது கழிந்தபோது எனக்கு ஓசூருக்கு மாற்றல் வந்தது. இதற்குள் முடி தோளில் இறங்கிவிட்டது. உச்சியில் ஒரு குடுமி போட்டு ரப்பர்பேண்ட் மாட்டுவோம். கடைக்குக் கூட்டிப்போனால் “பாப்பா பேரு என்ன?” என்பார்கள். என் மனைவி திருத்துவதில்லை. நுனி பிளந்திருக்கிறது, கொஞ்சம் கத்தரிக்கலாம் என்று பார்லர் பெண் ஒருமுறை நெருங்கியபோது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

ஓசூரிலிருந்து வியாழக்கிழமை மதியம் கிளம்பினோம். குழந்தையோடு செய்யும் நெடும்பயணம் இனிமையானது என்று எழுதியவர்கள் யாரும் வண்டி ஓட்டியிருக்க மாட்டார்கள். அவனுக்கென்று வாங்கிய இருக்கையில் உட்கார மறுத்து முதுகை வில்லாக வளைத்தான். தர்மபுரியில் இட்லியைக் கக்கினான். நிறுத்தினால் “போ” என்றான், போனால் “நிப்பாத்து” என்றான். கரூர் தாண்டியதும் ஏசி நின்றது. வழியிலிருந்த ஓட்டலில் கையில் பிடித்துக்கொள்ளும் சார்ஜர் காற்றாடி ஒன்றை வாங்கினேன். அதன்பிறகு அது அவனுடையது. திண்டுக்கல் லாட்ஜில் அதைப் பிடித்தபடியே தூங்கினான்.

வெள்ளி காலை தேவதானப்பட்டி தாண்டி வருகையில், தன் தலைக்கே காற்று வைத்துக்கொள்ள நினைத்திருக்கிறான். சர்ரென்று ஒரு சத்தம், உடனே அலறல். குடுமி முழுவதும் இறக்கைக்குப் பின்னாலிருந்த தண்டில் சுற்றி, காற்றாடி உச்சந்தலையோடு ஒட்டி நின்றது.

ஓரங்கட்டினேன். சுவிட்சை அணைத்தாயிற்று. இறக்கையைப் பின்பக்கமாகத் திருப்பிப் பார்த்தேன், இன்னும் இறுகியது. முதலுதவிப் பெட்டியை எடுக்கக் கை நீட்டினேன்.

“கத்தரின்னு வாயெடுத்தீக, நான் இங்கனயே இறங்கிருவேன்” என்றாள்.

“வேற என்ன செய்ய? இன்னும் ரெண்டு மணி நேரத்துல எப்படியும் மொட்டதான.”

“ரெண்டு மணி நேரம் கழிச்சு எடுக்குறதுதான் நேந்தது.”

முடி காணிக்கையைப் பற்றிப் பல நாட்டு வழக்கங்களைப் படித்திருக்கிறேன். கடலுக்குக் கொடுத்தவர்கள், ஆற்றுக்குக் கொடுத்தவர்கள், கல்லறைக்குக் கொடுத்தவர்கள் எல்லாரும் அதில் உண்டு. எதிலும் காற்றாடி வரவில்லை. பெரியகுளம் வரை அவன் அழுதுகொண்டே வந்தான். எடை முடியை இழுக்காதபடி அவள் ஒரு கையால் காற்றாடியைத் தாங்கியே வந்தாள்.

காற்றாடியைக் கழற்றச் சின்ன ஸ்க்ரூடிரைவர் உள்ள ஆள் வேண்டும். தேனியில் செல்போன் கடைகள் ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை. ஒன்பதரை ஆகும் என்றார்கள். பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு கடையில் மட்டும் ஷட்டர் பாதி ஏறியிருந்தது. வாசலில் மல்லிகைப்பூ விற்றுக்கொண்டிருந்த பெண் எட்டிப் பார்த்தார்.

“ஏ ஆத்தா, பொம்பளப் பிள்ளைக்குக் கரண்டுல கிரீடம் வச்சுக் கூட்டியாறாக பாரு.”

“ஆம்பளப் பிள்ளைங்க” என்றேன்.

“அப்படியா. அப்ப ஹெலிகாப்டரா இருக்கும்.”

கடைக்காரர் பல் துலக்கிய ஈரம் காயாமல் வந்து நின்று பார்த்தார். “டிஸ்பிளே போச்சுன்னு வருவாக, சார்ஜ் ஏறலன்னு வருவாக. இது புதுசு. ஸ்க்ரூ தெரியுது, கழட்டிப் பாப்போம். பிள்ளைய ஆடாமப் பிடிச்சுக்கங்கக்கா.”

நானும் உள்ளே போயிருக்க வேண்டும். அதற்குள் பின்னால் ஹாரன். நான் நிறுத்தியிருந்தது பேருந்து திரும்பும் இடமாம். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே கேட்டார்: “அண்ணே, வீட்டு வாசல்னு நெனச்சிட்டீகளா?” காரை எடுத்து, இடம் தேடி, ஒருவழிச் சாலையில் சுற்றி, ஒரு மருந்துக்கடை வாசலில் விட்டால் அங்கேயும் ஒருவர் வந்து கையை ஆட்டினார். எங்கோ விட்டுவிட்டு வியர்த்து ஓடிவந்தபோது வேலை முடிந்திருந்தது.

இறக்கையும் கூடும் பேட்டரியும் மேஜையில் கிடந்தன. மகன் பச்சை நிற ஸ்க்ரூடிரைவரைக் கேட்டு அழுதுகொண்டிருந்தான். அவன் உச்சியில் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு மோட்டார் மட்டும் முடிக்குள் புதைந்திருந்தது.

“அதுக்கு மேல வரலண்ணே. இழுத்தா பிள்ளைக்கு வலிக்கும். கனம் இல்ல, அப்படியே கொண்டு போங்க.”

மேஜைமேல் விரித்திருந்த ரப்பர் ஷீட்டில் சில முடிகள் கிடந்தன. பக்கத்தில் ஒரு சிறிய கட்டர்.

“எதையும் வெட்டுனீங்களா?” என்று கேட்டேன்.

“வயரத்தான் வெட்டுனேன்.”

மோட்டாரில் நீட்டிக்கொண்டிருந்த வயர்த் துண்டிலும் முடி சுற்றியிருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இன்னும் ஒரு கேள்வி கேட்டிருப்பேன். மணியைக் காட்டி அவள் வெளியே நடந்துவிட்டாள்.

போடி வழியாகப் போய் தேவாரம் மலையடிவாரக் கோயிலில் இறங்கியபோது பத்து தாண்டிவிட்டது. தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வழியிலேயே நின்றார். பிள்ளையை வாங்கி மடியில் வைத்தவர் தலையைத் தடவிப் பார்த்தார்.

“என்ன மாப்ள, உள்ள கல்லு மாதிரி இருக்கு?”

சொன்னோம். முடி எடுக்க வந்தவர் கத்தியை மடக்கினார். “இரும்புல பட்டா பிளேடு போயிரும். பொறுங்க, சுத்தி எடுத்துட்டு உச்சியக் கடைசியா எடுக்கேன்.”

அப்படியே எடுத்தார். கடைசியில் குடுமி மோட்டாரோடு மொத்தமாக வந்து மாமனின் துண்டில் விழுந்தது. ராகுகாலத்துக்குச் சில நிமிடங்கள் இருந்தன.

“இதப் பிரிக்கணுமா?” என்று கேட்டேன்.

“எதுக்கு? சாமிக்கும் வெக்கையாத்தான இருக்கும்” என்றார் மாமன். எல்லாரும் சிரித்தார்கள். மகனும் எதற்கென்று தெரியாமல் சிரித்தான். சந்தனம் பூசிய தலையில் அவன் காதுகள் பெரிதாகத் தெரிந்தன.

என் மனைவி சிரிக்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“அந்தக் கடையில முடி வெட்டுப்படலல்ல?”

“நீதான கூட இருந்த.”

“நான் அவன் அழுற முகத்தத்தான் பாத்தேன். நீங்க எங்க போனீக?”

“கார் விட.”

“நல்லா விட்டீக.”

எனக்கு ஆத்திரமாக வந்தது, அவள்மேல் இல்லை. இரண்டரை வருடம் சீப்புக்குக்கூடப் பயந்து காத்த தலை. கண்ணெடுக்காமல் பார்த்திருக்க வேண்டிய அந்த நேரத்தில் நான் ஒரு பேருந்துக்கு வழிவிட்டுக்கொண்டிருந்தேன்.

மாமன் சமாதானம் சொல்லிப் பார்த்தார். “ரெண்டு முடி போனா சாமி எண்ணிப் பாக்கவா போகுது?” அவள் கேட்கவில்லை. சன்னதி முன்னால் போய் நின்று, சந்தேகத்துக்கு அடுத்த வைகாசியிலும் ஒரு மொட்டை என்று நேர்ந்துவிட்டு வந்தாள். அதாவது ஓசூரிலிருந்து மறுபடியும் இதே சாலை. அப்போது அவனுக்கு மூன்றரை வயது. ஓடும் காரின் கதவைத் திறக்கத் தெரிந்திருக்கும்.

திரும்பும்போது ஞாயிற்றுக்கிழமை. தேனிக் கடை பூட்டியிருந்தது. ஷட்டரில் எழுதியிருந்த எண்ணுக்கு இரண்டு வாரம் கழித்துப் பேசினேன். எடுத்தவர் கடைக்காரரின் தம்பி. “அண்ணன் கேரளாவுக்கு வேலைக்குப் போயிட்டாக, எனக்கு ஒண்ணும் தெரியாது” என்றார். அண்ணனின் எண்ணைத் தருவதாகச் சொன்னார். தரவில்லை.

ஆகவே, தேனியில் அந்தக் கட்டர் வயரை மட்டும்தான் வெட்டியதா, முடியும் சேர்ந்து வெட்டுப்பட்டதா என்பது இதை எழுதும் நாள் வரை உறுதி செய்யப்படவில்லை.