சிறப்பு விருந்தினரின் முகம்

பத்து வயதில் எனக்கு முகங்கள் வரும். எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள், சிலருக்குப் பாட்டு வரும், சிலருக்குக் கணக்கு வரும் என்பதுபோல. எதிரில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் போதும், அவர் டீ குடித்து முடிப்பதற்குள் அவரைக் காகிதத்தில் இறக்கிவிடுவேன். அதில் என் சாமர்த்தியம் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை. பார்க்கிறேன், கை போகிறது, அவ்வளவுதான். எல்லோருக்கும் அப்படித்தான் போலிருக்கிறது என்றுகூட வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா வேலை பார்த்த வங்கியில்தான் முதலில் விஷயம் வெளியே வந்தது. பள்ளி விடுமுறை ஒன்றில் என்னை உடன் கூட்டிப்போயிருந்தார். ஒரு சலான் காகிதத்தின் பின்னால் வாசலில் நின்ற காவலாளியை வரைந்தேன். அந்தக் காவலாளி பையா பார்த்துவிட்டு முதலில் சிரித்தார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "ஏக் ஔர் பனாவோ", இன்னொன்று போடு என்று விறைப்பாக நின்றார். அன்றிலிருந்து, தலைநகரத்து ஜனக்புரியில் எங்கள் குடியிருப்புக்கு யார் வந்தாலும் என்னைக் கூப்பிட்டு ஒரு பென்சிலைக் கையில் கொடுக்கும் வழக்கம் ஏற்பட்டது. வந்தவர்கள் கிளம்பும்போது தங்கள் முகத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி. திருச்சியிலிருந்து வேலை கிடைத்து வந்தவர், குர்காவ்னில் ஒரு விளம்பர நிறுவனம். அறை கிடைக்கும்வரை எங்கள் கூடத்துத் திவானில் படுத்துக்கொள்வதாக ஏற்பாடு. அந்த அறை எளிதில் கிடைக்கவில்லை. எதைப் பார்த்தாலும் இதை மற்றவர்களுக்கு எப்படிக் காட்டலாம் என்று யோசிக்கிற மனிதர் அவர். அம்மா வைக்கிற ரசம் கொதிப்பதைக்கூட வீடியோ எடுத்தவர் என்னை விடுவாரா? நான் வரைவதை எடுத்து எங்கெங்கோ போட்டார். ஊரிலிருந்து சித்திகள் போன் செய்தார்கள். வரையும்போது பின்னல் நுனியைக் கடிக்கிற பழக்கம் எனக்கு. அதை விடச் சொன்னார். "கொஞ்சம் சிரிச்சுக்கிட்டே வரைடா செல்லம்" என்பார். சிரித்துக்கொண்டே எப்படிப் பார்ப்பது என்று எனக்குப் புரியவில்லை.

பொங்கல் விழாவுக்கு என்னை மேடையேற்றுவது என்பதும் மாமாவின் யோசனைதான். எங்கள் பகுதித் தமிழர்கள் ஒரு கூடத்தை வாடகைக்குப் பிடித்து வருஷா வருஷம் நடத்துகிற விழா. அந்த வருஷம் சிறப்பு விருந்தினராக ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி ஒருவர் வருவதாக இருந்தது. அவர் மேடையில் அமர்ந்திருக்க, இரண்டு பாட்டுகள் ஒலித்து முடிவதற்குள் நான் அவரைக் கரியால் வரைந்து அவரிடமே கொடுக்கவேண்டும். விழாச் செயலாளர் அங்கிளுக்கு ஏக குஷி.

மாமா போனில் ஒரு போட்டோவைக் காட்டி, "இதைப் பாத்துப் பழகிக்கோ" என்றார். கருகருவென்று மீசை வைத்த ஒருவர் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாம். நேர்ல பாத்துதான் போடுவேன்."

"நேர்ல பாத்துப் போடு, யார் வேணாங்கறா? முன்னாடி கொஞ்சம் பழகிக்கலாம்ல?"

"போட்டோல ஆளே இல்ல மாமா."

சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்த அம்மா, "ஒரு தடவை போட்டுத்தான் பாரேன்டி, என்ன குறைஞ்சிடும்?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்குத் தமிழ் போய்விடும். "முஜே ஆத்தா ஹை!" என்று கத்திவிட்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எனக்குத் தெரியும் என்று நான் சொன்னதை அவர்கள் அடம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

விழாவன்று நல்ல குளிர். பட்டுப்பாவாடைக்குள் தெர்மல் போட்டு அனுப்பியிருந்தாள் அம்மா. மேடையில் கரும்பு கட்டியிருந்தார்கள். சபையைப் பார்த்தபடி ஒரு பலகை, அதில் பெரிய வெள்ளைத் தாள் கிளிப் போட்டு மாட்டியிருந்தது. பலகைக்குச் சற்றுத் தள்ளி நாற்காலியில் சிறப்பு விருந்தினர். மாமா மேடைக்குக் கீழே போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பாட்டு ஆரம்பித்தது. கரித்துண்டோடு தாளின் அருகே போனேன்.

தாளில் ஏற்கெனவே ஒரு முகம் இருந்தது.

மெல்லிய பென்சில் கோடுகள். சற்றுத் தள்ளி நின்றால் சட்டென்று கண்ணில் படாது. நெற்றி, கண்கள், மூக்கு, மீசை எல்லாம் போட்டு வைத்திருந்தது. நான் அதன்மேல் கரியை ஓட்டினால் போதும். கீழே பார்த்தேன். மாமா கண்ணைச் சிமிட்டி, ஆரம்பி என்று கை காட்டினார்.

உடம்பெல்லாம் எரிந்தது. அந்த எரிச்சலை இப்போதும் என்னால் அப்படியே வரவழைக்க முடியும். நான் தோற்றுவிடுவேன் என்று எனக்குத் தெரியாமலே முடிவு செய்துவிட்டு, அதற்கு முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார்கள். கேட்டிருந்தால் மறுப்பேன் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. போதாக்குறைக்கு அந்த முகம் தப்பு. போட்டோ பழைய போட்டோ. நாற்காலியில் இருந்தவருக்கு மீசையே கிடையாது. கன்னம் தொங்கிப்போய், ஒரு கண்ணிமை மற்றதைவிடத் தாழ்ந்து, தூக்கத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நல்ல முகம்! அதை விட்டுவிட்டு இந்த மீசைக்காரரையா போடுவேன்?

கிளிப்புகளைப் பிடுங்கித் தாளைத் திருப்பி மாட்டினேன். "பாப்பா பேப்பரைத் திருப்புறாங்க! என்ன மேஜிக் காட்டப் போறாங்களோ!" என்றார் ஒலிபெருக்கியில் செயலாளர் அங்கிள். சபை சிரித்தது. நான் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்னலைக் கடித்தேன். பிறகு எனக்கு எதுவும் கேட்கவில்லை. அந்த இமை, அந்தத் தாடை, கழுத்தில் சட்டைப் பொத்தான் அழுத்திய இடத்தில் இருந்த மடிப்பு. இரண்டாவது பாட்டு முடிவதற்குள் அவர் தாளில் உட்கார்ந்திருந்தார், தூக்கத்தை அடக்கிக்கொண்டு.

நன்றாகவே கைதட்டினார்கள். செயலாளர் அங்கிள் தாளைக் கழற்றி, சிறப்பு விருந்தினர் பார்ப்பதற்காக அவர் பக்கம் திருப்பிப் பிடித்தார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "இவ்ளோ வயசாயிடுச்சா எனக்கு?" என்றார். முழுக்க விளையாட்டாகச் சொன்னதாகத் தெரியவில்லை.

அவர் பக்கம் படம் திரும்பியபோது சபையின் பக்கம் தாளின் பின்புறம் திரும்பியது. விளக்கு வெளிச்சம் நேராக அதில் விழுந்து, முன்வரிசைக்குக் கோடுகள் தெரிந்தன. முன்வரிசையில் இருந்த ஒரு ஆன்ட்டி பக்கத்தில் இருப்பவர்களிடம் சொன்னது மேடைக்கே கேட்டது.

"பின்னாடி பாரு, பென்சில்ல போட்டு வெச்சிருக்காங்க. ட்ரேஸ்! படத்தை அடியில வெச்சு எடுத்தது!"

"அதான பாத்தேன்" என்றது இன்னொரு குரல்.

என் வகுப்புப் பையன்கள் "சீட்டிங் ஹை, சீட்டிங் ஹை" என்று ஆரம்பித்தார்கள். பெரியவர்கள் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. குழந்தைதானே, பரவாயில்லை என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. யாராவது ஒருவர் எழுந்து இரண்டு பக்கத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்திருக்கலாம். ஒருவருக்குமா அது தோன்றவில்லை? ஒரு பக்கம் மீசை இருக்கிறது, மறுபக்கம் இல்லை!

"யே மேரா நஹீ ஹை!" என்று மேடையில் நின்று கத்தினேன். "அது நான் போட்டது இல்ல! நான் போடல!"

எந்தப் பக்கத்தைச் சொல்கிறேன் என்று யாருக்கும் புரிந்திருக்காது. மாமா மேடையேறி மைக்கை வாங்கினார். குழந்தை ஒத்திகை பார்த்த தாளே தவறுதலாக மேடைக்கு வந்துவிட்டது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். மறுபடி கைதட்டினார்கள். அது மாமாவுக்கு.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா, "விடும்மா, ஒரு ஃபங்ஷன்தானே" என்றார். அவருக்கு எல்லாமே விடக்கூடிய விஷயம்தான். வீட்டில் மாமா சட்டை மாற்றப் போன நேரத்தில் அவருடைய போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனேன். அம்மா துணி ஊறவைத்திருந்த பக்கெட்டில் அதை அமுக்கி, வெளிச்சம் அணையும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் நான் அதைவிட நிதானமாக எதையும் செய்ததில்லை.

அம்மா என்னை அறைந்தாள். அதுவரை அவள் என்மேல் கை வைத்ததே இல்லை.

"போன வருஷம் ஸ்கூல் டேல மேடை ஏறி, ஒரு வார்த்தை பேச வராம அழுதுக்கிட்டு இறங்கினவதானே நீ? மறுபடி அப்படி நின்னுடக் கூடாதேன்னுதான்டி நாங்க பண்ணோம்! உன் நல்லதுக்குப் பண்ணா இப்படியா?"

"அது பேச்சு! இது படம்!" என்று கத்தினேன். "மாமா சீட்டர்! மாமா சீட்டர்!"

மாமா சொட்டச் சொட்ட போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு அடுத்த மாதமே குர்காவ்னில் அறை கிடைத்துவிட்டது. பல வருஷங்கள் அவரோடு நான் பேசவில்லை. முகம் வரைவதையும் நிறுத்திக்கொண்டேன். தண்ணீர்த் தொட்டிகளையும் மெட்ரோ பாலத்தையும் வரைந்துகொண்டிருந்தேன். அவற்றைப் பார்த்து யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள்.

இப்போது வேறு ஊரில் படம் வரைந்துதான் பிழைக்கிறேன். சில மாதங்களுக்கு முன்பு, ஒரு புத்தகத்துக்காக நான் ராவும் பகலுமாக வரைந்து அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு, இது கம்ப்யூட்டர் போட்டதுதானே என்று ஒருவர் கேட்டுவிட்டார். அன்று போனில் அம்மாவிடம் பொரிந்து தள்ளினேன். கை ஒடிய வரைந்தது நான், யாரோ போட்டதென்று சொல்ல இவன் யார், அது இது என்று. அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் அன்னிக்கு அப்படித்தான் இருந்துச்சு" என்றாள்.

"என்னிக்கு?"

"பொங்கல் ஃபங்ஷன்ல. ட்ரேஸ்னு சொன்னாங்களே. அது ட்ரேஸ் இல்லடி."

எனக்கு விளங்கவில்லை.

"உன் மாமனுக்கு ஒரு வட்டம் போட வருமா? நீ ஸ்கூலுக்குப் போனப்புறம் தாளை வெச்சுக்கிட்டு முழிச்சுக்கிட்டு இருந்தான். தள்ளுடான்னு சொல்லிட்டு நான்தான் போட்டேன். போன்ல போட்டோவைப் பாத்து, கையாலதான் போட்டேன்." பிறகு கேட்டாள்: "நல்லாத்தானே இருந்துச்சு?"

எனக்கு மறுபடியும் கோபம்தான் வந்தது. கேட்காமல் என் தாளைத் தொட்டவள் அவள் என்பதற்கு. இத்தனை வருஷம் மாமாவைத் திட்ட விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு. எல்லாவற்றுக்கும் மேல், அது உண்மையிலேயே நன்றாக இருந்ததற்கு. ஆள்தான் பழைய ஆளே தவிர, கோட்டில் ஒரு தடுமாற்றமும் கிடையாது. நெற்றியிலிருந்து தாடைவரை பென்சிலை எடுக்காமல் ஒரே ஓட்டமாக இறங்கியிருந்தது. ரப்பர் பட்ட தடம் எங்கும் இல்லை. அவள் ஒரு பென்சிலைத் தொட்டு நான் பார்த்ததே கிடையாது. அவளுக்கும் முகங்கள் வரும் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் சொன்னதில்லை.

ட்ரேஸ் என்று அந்த ஆன்ட்டி சொன்னது என் அம்மாவிடம்தான். முன்வரிசையில் அம்மா அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், கைகளை மடியில் வைத்துக்கொண்டு. நான் மேடையிலிருந்து அவளைப் பார்த்தேன். எனக்காக எழுந்து நின்று அவள் எதுவும் சொல்லாததில் ஆத்திரப்பட்டேன். அந்தக் கோடு என்னுடையது இல்லை என்று ஊர் கேட்கக் கத்தினேன். அப்படியென்றால் யாருடையது என்று கேட்கப் பத்து வயதில் எனக்குத் தெரியவில்லை.