துருவேற விடாத எங்கள் அம்மா

எங்கள் அம்மா மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அம்மாவின் பக்தியையும் பொறுமையையும் எழுது, துப்பாக்கியைப் பற்றி மட்டும் எழுதாதே என்று உறவினர் சிலர் கேட்டுக்கொண்டார்கள். பக்தி அம்மாவுக்கு உண்டு. பொறுமை அவ்வளவாக இல்லை. துப்பாக்கியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

அம்மா பிறந்தது அய்யம்பாளையத்தில். அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு, பெருமாள்மலைக்கு மேலிருந்த மூன்று ஏக்கர் காட்டுக்கு வந்தார். அங்கே என்ன விதைத்தாலும் பாதி காட்டுப்பன்றிகளுக்குப் போய்விடும். நாடு விடுதலை பெற்ற பின் தன் நாட்டுக்குக் கிளம்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவரிடம், முறையாக லைசென்சு எடுத்து, ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கியை அப்பா வாங்கினார். கூடவே குழல் துடைக்கும் சாமான்களோடு ஒரு தகரப் பெட்டி வந்தது. திருகி இணைக்கும் மூன்று துண்டுக் கம்பி, பித்தளை பிரஷ், கம்பளித் துணி, சிறிய எண்ணெய்ப் புட்டி. அப்பாவுக்குச் சுடத்தான் பிடிக்கும், துடைக்கப் பிடிக்காது. பெட்டி அம்மாவின் கைக்கு வந்தது.

தொடக்கத்தில் அம்மாவும் தவறு செய்தார். புட்டி எண்ணெய் தீர்ந்ததும், மலைக்குக் கீழே பிறந்த ஊர்ப் பழக்கத்தில் தேங்காய் எண்ணெயை விட்டார். மார்கழிக் குளிரில் அது உள்ளே உறைந்து, விசையை இழுத்தும் துப்பாக்கி வெடிக்கவில்லை. பட்டப்பகலில் பன்றிகள் கிழங்குப் பாத்தியை உழுதுவிட்டுப் போயின. அன்றிலிருந்து தையல் மிஷின் எண்ணெய்தான்.

அப்பா காய்ச்சலில் போனதும், சட்டப்படி துப்பாக்கி காவல் நிலையத்துக்குப் போனது. எந்த நிலையம் என்பது வேண்டாம். அம்மா தன் பெயருக்கு லைசென்சு கேட்டு மனுப் போட்டார். பெரியப்பா வந்து நின்றார்.

"பொம்பள பேர்ல துப்பாக்கியா? ஊரு சிரிக்கும். எம்பேருக்கு விட்டுக்குடும்மா."

"சிரிக்கட்டுங்க. காடு எங்களுது, காவலும் எங்களுது."

மனு நகரவில்லை. மலைப் பனிமூட்டத்தில் துப்பாக்கி என்ன ஆகும் என்று அம்மாவுக்குத் தெரியும். தகரப் பெட்டியோடு நிலையத்துக்குப் போனார். நானும் உடன் போனேன்.

"இது போலீஸ் ஸ்டேசன்மா. வீட்டுக்குப் போங்க," என்றார் வாசலில் நின்ற காவலர்.

"போறேங்க. துப்பாக்கி ஒங்க காவல்லயே கெடக்கட்டும், வேணாங்கல. ஆனா துருவேற விடமாட்டேன். தொடச்சுக் குடுத்துட்டு வெரசா போயிருவேன்."

மதியம் வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். கடைசியில் தலைமைக் காவலர், தன் கண்ணெதிரே துடைக்கச் சொல்லி எடுத்துக் கொடுத்தார். பிறகு மாதம் ஒருமுறை போனோம். ஒன்றரை வருடம் போனோம். அந்த ஒன்றரை வருடமும் தகர டப்பாவைத் தட்டித்தான் பன்றி விரட்டினோம்.

ஒருநாள் சோதனைக்கு வந்த மேலதிகாரி, அங்கிருந்த துப்பாக்கிகளை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றின் குழல் மட்டும் கண்ணாடியாக மின்னியது. துடைத்தது யாரென்று கேட்டு, அம்மாவுக்கு ஆள் அனுப்பினார்.

"ஒரு பெண் இத வச்சு என்னம்மா செய்யப் போறீங்க?"

"ஆம்பளைக செய்யிற சோலிதாங்க. பன்னி ஆளு பாத்தா வருது?"

அவர் மேசையிலேயே துப்பாக்கியைக் கழற்றி, துடைத்து, பூட்டிக் காட்டச் சொன்னார். அம்மா செய்தார். மறுமாதம் அம்மாவின் பெயரில் லைசென்சு வந்தது. அந்தக் காட்டு விளைச்சலில்தான் நான் படித்து ஆசிரியையானேன்.

கடைசி மூன்று மாதம் நெஞ்சுச் சளி அம்மாவைப் படுக்கையில் போட்டது. அப்போதும் கஞ்சியை யாரும் ஊட்ட விடவில்லை.

நோயில் பார்த்துக்கொண்ட செவிலியருக்கும், ஓய்வுபெற்ற பின்னும் வந்து விசாரித்த தலைமைக் காவலர் ஐயாவுக்கும் எங்கள் நன்றி. பெண்கள் சுடுகாட்டுக்கு வரக்கூடாது என்று தெருமுனையில் மறித்தவர்களை விலக்கிக்கொண்டு, எங்கள் காட்டில் வேலை செய்யும் எட்டுப் பெண்கள் கடைசி வரை உடன் வந்தார்கள். அவர்கள் சுற்றி நிற்க, கொள்ளி வைத்தது நான். அந்த எட்டுப் பேரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

அன்பு மகள்