வெறுப்பை ஆராயக் காசு குடுக்கிற கந்தோர்

ஆராய்ச்சிக்குக் காசு குடுக்கிற கந்தோரில வேலை எண்டால், வாறவை எல்லாரும் உங்களைப் பார்த்துச் சிரிப்பினம். காசு கிடைக்காதெண்டு தெரிஞ்ச அடுத்த நிமிசம் வாசல் கதவு படாரெண்டு சாத்துப்படும். ரிசெப்ஷன் கதிரையில குந்தியிருந்து பல்லைக் காட்டியே தாடை நொந்த சகோதரங்களே, இது உங்களுக்கு.

கிளேட்டனில யூனிவர்சிற்றியை ரெண்டாம் வருசத்தில விட்டிட்டு, ரெண்டாயிரத்துகளின்ர தொடக்கத்தில நான் போய் விழுந்தது மெல்பேணில ஒரு சின்ன யூத அறக்கட்டளையில. யூத வெறுப்பைப் பற்றி ஆராயிற மாணவருக்கு உதவித்தொகை குடுக்கிறது அவையின்ர வேலை. போன் எடுக்கிறதும் தேத்தண்ணி போடுறதும் என்ர வேலை.

மூண்டு வருசம் எதுக்கு?

என்னோட படிச்ச துஷிக்கு அந்த மூண்டு வருச உதவித்தொகையில கண். பழைய ஆஸ்திரேலியப் பத்திரிகையளில யூதரைப் பற்றி வந்த பகிடியளை ஆராயப் போறாளாம். தாய், எனக்கு அன்ரி, சம்மதிச்சது ஒரு நிபந்தனையில: கிடைச்சால் ஆராய்ச்சி, கிடைக்காட்டி அக்கவுண்டிங். அன்ரி முன்கூட்டியே அக்கவுண்டிங் புத்தகங்களை வாங்கிச் சாமியறையில வைச்சும் போட்டா.

நான் துஷிக்காகப் பரிஞ்சு கதைக்கப் போனனான். "அன்ரி, சனம் ஏன் யூதரை வெறுக்குதெண்டு கண்டுபிடிக்கிறது லேசில்லை. மூண்டு வருசம் வேணும்."

அன்ரி வெங்காயம் வெட்டுறதை நிப்பாட்டேல்லை. "வெறுக்கிறவனிட்டைக் கேட்டால் அஞ்சு நிமிசத்தில சொல்லுவானே தம்பி?"

நீலக் கரண்டி

கந்தோர்க் குசினியில பாலுக்கு நீலக் கரண்டி, இறைச்சிக்குச் சிவப்புக் கரண்டி. ரெண்டும் ஒண்டையொண்டு சந்திக்கவே கூடாது, அது அவையின்ர சமய முறை. வெளி இறைச்சிக்கு அங்க இடமே இல்லை. ஒருநாள் பசி மயக்கத்தில, வீட்டில இருந்து கொண்டுபோன ஆட்டிறைச்சிக் கறியை நீலக் கரண்டியால வழிச்சுக்கொண்டு நிக்கிறன், பின்னால மிரியம்! கந்தோருக்குப் பெரியவ அவதான்.

என்ர வாய் சும்மா இருக்குமோ? "எங்கட வீட்டிலையும் இப்பிடித்தான் மிரியம்! மச்சச் சட்டி வேற, சைவச் சட்டி வேற. மாறித் தொட்டால் அம்மா ஊரையே கூட்டிப்போடுவா!" எண்டு அவிட்டு விட்டன்.

மிரியம் கண்ணாடியைக் கழட்டினா. "தெரியாமல் செய்திட்டாய் எண்டு விடப் பார்த்தனான். இப்ப தெரிஞ்சுதான் செய்தனி எண்டு நீயே சொல்லுறாய்."

பப்பில கேட்ட பகிடி

நேர்முகத்துக்குத் துஷியைத் தயார்ப்படுத்தினது சாட்சாத் நான்தான். "தமிழ்ப் பிள்ளைக்கு ஏன் இந்த வேலை?" எண்டு நடுவர் மாதிரி முறைச்சுக் கேட்டன். அவள் பாடப்புத்தகம் மாதிரி ஒப்புவிச்சாள். எனக்குக் கொட்டாவி. "கொஞ்சம் கலகலப்பாக் கதையனடி! பப்பில ஒருத்தன் சொன்ன பகிடி ஒண்டு கிடக்கு. ஒரு யூதன்..."

துஷி பேனையை எடுத்தாள். "சொல்லி முடி. அங்க ஆர் ஆர் சிரிச்சவை எண்டும் சொல்லு."

சிரிச்ச முகங்கள் ஒவ்வொண்டா ஞாபகம் வந்துது. பகிடியை அப்பிடியே விட்டிட்டு அடுத்த கேள்வியைத் தேடினன்.

"பாத்தியே, உன்ர வாயையே மூடப் பண்ணுதெண்டால் இது நல்ல ஆராய்ச்சிதானேடா!"

மட்டன் ரோல்ஸ்

நேர்முகத்தண்டு துஷியோட அன்ரியும் வந்திறங்கினா, கையில ஒரு பெட்டி மட்டன் ரோல்ஸ். எங்கட ஆக்கள் வெறுங்கையோட எங்க போயிருக்கினம்? "உள்ள இருக்கிறவைக்குக் குடுத்திட்டு வாறன்!" எண்டு கிளம்பினா. நான் பாய்ஞ்சு மறிச்சன். "ஐயோ அன்ரி, இந்தப் பெட்டி உள்ளுக்குப் போனால் துஷி அக்கவுண்டன்ற்!" துஷி உள்ள போக, நாங்கள் ரெண்டு பேரும் வெளிப்படியில குந்தி, சாட்சியத்தைத் திண்டு அழிக்கத் தொடங்கினம்.

நான் கையைக் கழுவிப்போட்டுத் தண்ணி கொண்டு உள்ள போன நேரம், நடுவர் ஒருத்தர் நான் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். துஷி இந்தமுறை ஒப்புவிக்கேல்லை. "பள்ளிக்கூடத்தில ஒருத்தன் என்ர நிறத்தைப் பற்றிப் பகிடி விட்டவன். அவன்ர முகம் மறந்துபோச்சு. சிரிச்ச என்ர சிநேகிதியின்ர முகம்தான் மறக்கேல்லை. அந்தச் சிரிப்பைத்தான் நான் படிக்கப் போறன்." ஒருத்தரும் தண்ணியைத் தொடேல்லை.

பின்னேரம் மிரியம் படிக்கு வந்தா. வாய் நிறைய ரோல்ஸோட நாங்கள். "அந்தப் பெட்டியை நான் பார்க்கேல்லை," எண்டா. "உங்கட மகளுக்குக் கிடைச்சிருக்கு. மூண்டு வருசம்." நான் துள்ளின துள்ளில கடைசி ரோல்ஸ் ரோட்டுக்கே போட்டுது.

அன்ரி கண்ணைத் துடைச்சா, கையைத் துடைச்சா, பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தா. "அந்த அக்கவுண்டிங் புத்தகங்களை வீணாக்கேலாது தம்பி. நாளைக்கு வந்து நீ எடுத்துக்கொண்டு போ."

வெறுப்பை ஆராயத் துஷிக்கு மூண்டு வருசம் தேவைப்பட்டுது. அக்கவுண்டிங்கை வெறுக்க எனக்கு ஒரு பின்னேரம் காணுமாயிருந்துது.